நுவரெலியா வானில் சாகசம் வேண்டாம், ஹெலிகொப்டர் நாள் ஒன்று வேண்டும்

ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் கடிதத்தில் கேட்டிருக்கும் கேள்வி இது. 2010 இல் பல்லேகலவில் நடந்த ‘தேசத்திற்கு மகுடம்’ கண்காட்சிக்கு மாணவராகப் போய், விமானப்படைக் கூடத்தில் வெகுநேரம் நின்றது அவருக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. 2021 இல் காலி முகத்திடலுக்கு மேலே நடந்த சாகசத்தைத் தொலைக்காட்சியில்தான் பார்த்தாராம். இப்போது அவருடைய மகளுக்கு ஏழு வயது. நுவரெலியாவில் ஏப்ரல் வசந்த காலத்தில் குதிரைப் பந்தயமும் மலையேற்றக் கார்ப் பந்தயமும் நடக்கின்றனவே, கூடவே ஒரு வான் சாகசக் காட்சியையும் ஏன் நடத்தக்கூடாது என்று கேட்கிறார். இத்தகைய காட்சிகளே இனி நின்றுவிடுமா என்றும் கவலைப்படுகிறார்.

இதில் இரண்டு கேள்விகள் வெளிப்படையாக இருக்கின்றன. மூன்றாவது ஒன்று உள்ளே இருக்கிறது: ‘நான் பார்த்ததை என் பிள்ளைக்கு எங்கே காட்டுவது?’ மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டும். முதலாவதற்கு உறுதியாகச் சொல்லலாம். இரண்டாவதற்கு என் கணிப்பை மட்டுமே சொல்ல முடியும். மூன்றாவதற்கு நல்ல பதில் இருக்கிறது.

நான் விமானி அல்லன். இரத்மலானையிலும் பிறகு வளைகுடா நாடுகளிலும் விமானப் பராமரிப்பில் வேலை செய்து ஓய்வுபெற்றவன். உயரமானி, வேகமானி போன்ற கருவிகள்தான் என் பிரிவு. ஆகவே விமானியின் திறமையைப் பற்றி அதிகம் பேசமாட்டேன். காற்றும் கருவியும் என்ன சொல்கின்றன என்பதைச் சொல்கிறேன்.

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஏப்ரல் மாதப் பகல் வெப்பநிலையில் காற்றின் அடர்த்தி, கடல் மட்டத்து நியம அடர்த்தியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். விமானத்தின் இறக்கைக்கு வேண்டியது காற்று. காற்று மெலிந்தால் அதே தூக்குவிசையைப் பெற விமானம் இன்னும் வேகமாகப் போக வேண்டும். விமானியின் முன்னால் உள்ள வேகமானி கொழும்பில் காட்டும் அதே எண்ணை இங்கும் காட்டும். ஆனால் தரையைப் பார்த்தால் விமானம் எட்டில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். திருப்பத்தின் ஆரை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், அதே திருப்பத்துக்கு நாலில் ஒரு பங்கு கூடுதல் இடம் வேண்டும். காலி முகத்திடலில் மணிக்கு 740 கிலோமீற்றர் வேகத்தில், தன் எடையைப்போல் நான்கு மடங்கு விசையில் திரும்பும் ஜெட் விமானம் இரண்டேகால் கிலோமீற்றர் குறுக்களவுள்ள வட்டம் போடும் என்று வையுங்கள். நுவரெலியாவில் அந்த வட்டம் மூன்று கிலோமீற்றரை நெருங்கிவிடும். கொழும்பில் அந்த வட்டத்தின் பெரும்பகுதி கடலுக்கு மேலே போகும். நுவரெலியாவிலோ நகரத்துக்கு மேலே, சில கிலோமீற்றர் தொலைவிலேயே, 2,524 மீற்றர் உயரப் பிதுருதலாகலை நிற்கிறது. காற்று மெலியும்போது இயந்திரத்தின் உந்துவிசையும் குறைகிறது. வளைவு பெரிதாகிறது, அதிலிருந்து மீண்டு ஏறும் வலு சிறிதாகிறது, சுற்றிலும் மலை. சாகசக் காட்சிக்கு இதைவிடப் பொருந்தாத கிண்ணம் ஒன்றைத் தேடுவது கடினம்.

இதைவிட எனக்கு அச்சம் தருவது உயரமானி. அது காற்றழுத்தத்தை அளந்து அதை உயரமாகக் காட்டும் கருவி. எந்த அழுத்தத்தைச் சுழியமாகக் கொள்வது என்பதை விமானி ஒரு சிறிய குமிழைத் திருகி அமைப்பார். அந்த எண் கருவியின் முகப்பிலுள்ள சிறு சாளரத்தில் தெரியும். கடலோரத்தில் சாகசம் செய்பவருக்குத் தரை என்றால் ஏறக்குறைய சுழியம். மேலே போய்க் கவிழ்ந்து கீழே இறங்கும்போது முள் காட்டுவதுதான் தரையிலிருந்து உள்ள உயரம். நுவரெலியாவில் தரையைச் சுழியமாக்க வேண்டுமானால் அழுத்தத்தை 810 மில்லிபாருக்கு அருகில் வைக்க வேண்டும். நான் கழற்றிப் பூட்டிய உயரமானிகளில் பெரும்பாலானவற்றின் சாளரத்தில் 950க்குக் கீழே எண்ணே கிடையாது. அப்படியானால் விமானி ஒவ்வொரு நொடியும் மனத்துக்குள் 6,100 அடியைக் கூட்டியும் கழித்தும் கொண்டிருக்க வேண்டும். தலைகீழாக, உடம்பு நான்கு மடங்கு கனக்கும்போது.

இது வெறும் கற்பனைப் பயமல்ல. 2003 செப்டெம்பர் 14 அன்று அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்திலுள்ள மவுண்டன் ஹோம் தளத்தில், உலகின் மிகத் தேர்ந்த சாகசக் குழுக்களில் ஒன்றான தண்டர்பேர்ட்ஸின் எஃப்-16 ஒன்று தரையில் மோதியது. அந்தக் குழு வழக்கமாகப் பயிற்சி செய்யும் நெவாடா தளத்தைவிட மவுண்டன் ஹோம் ஆயிரம் அடிக்கு மேல் உயரமானது. விமானி பழகிய தளத்தின் எண்ணை வைத்தே கணக்குப் போட்டுவிட்டார். தரையிலிருந்து 2,500 அடி ஏறியிருக்க வேண்டிய இடத்தில் 1,670 அடியே ஏறிக் கீழ்நோக்கித் திருப்பினார். மோதுவதற்குக் கடைசி நொடியில் வெளியே பாய்ந்து உயிர் தப்பினார். ஆயிரம் அடி வித்தியாசம் அத்தகைய ஒருவரையே ஏமாற்றியது என்றால், ஆறாயிரம் அடி என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள். 2015 ஓகஸ்டில் இங்கிலாந்தின் ஷோர்ஹம் விபத்திலும் அடிப்படை இதேதான். பழைய ஹண்டர் ஜெட் ஒன்று வளையம் போடத் தேவையான 3,500 அடிக்குப் பதில் சுமார் 2,700 அடியிலேயே உச்சியைத் தொட்டது. நெடுஞ்சாலையில் விழுந்து 11 பேரைக் கொன்றது. இறந்தவர்கள் யாரும் விமானத்தில் இருந்தவர்கள் அல்லர். விமானி உயிர் பிழைத்தார்.

வானிலையையும் சேர்த்துப் பாருங்கள். ஏப்ரல் என்பது இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட காலம். காலையில் வெயில் சிரிக்கும், மத்தியானத்துக்குப் பிறகு இடி மழை கொட்டும். இதை மலையகத்தாருக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. மே பிறந்தால் தென்மேல் பருவக்காற்று மலைத்தொடரைத் தாண்டி ஊவாப் பக்கம் கச்சான் காற்றாக இறங்கும். மலை முதுகைத் தாண்டி விழும் காற்று கண்ணுக்குத் தெரியாமல் சுழலும். சிறிய விமானத்தைத் தூக்கிப் போட அது போதும். சனவரி பிற்பகுதி முதல் மார்ச் வரையிலான காலை வேளைகளே நம் மலைகளில் நம்பத்தக்கவை. வசந்த கால விழாவோ ஏப்ரலில் வருகிறது.

எனக்கு மலையும் விமானமும் சேர்ந்தால் முதலில் நினைவுக்கு வருவது ஏழு கன்னியர் மலைதான். மஸ்கெலியாப் பக்கத்தில் பிறந்த என் வயதுக்காரர்கள் அனைவருக்கும் அப்படித்தான் இருக்கும். 1974 டிசம்பர் 4 இரவு, சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த மார்ட்டின்எயார் டிசி-8 விமானம் கட்டுநாயக்கவில் இறங்குவதற்காகத் தாழ்ந்து வந்து அந்த மலையில் மோதியது. 191 பேரும் இறந்தனர். அன்றைக்கு எங்கள் லயத்துப் பிள்ளைகள் விமானம் என்ற ஒன்றை ‘பார்த்தது’ பெரியவர்கள் மலையிலிருந்து இறங்கிவந்து சொன்ன சொற்களில்தான். விமானத் தொழிலுக்கு நான் போனதற்கு அந்த இரவும் ஒரு காரணம். ஆகவே மலையில் சாகசம் வேண்டாம் என்று நான் சொல்வது விமானத்தின் மீதுள்ள வெறுப்பால் அல்ல என்பதை நீங்கள் நம்ப வேண்டும்.

அடுத்தது கூட்டம். வான் காட்சிகளில் கூட்டத்தைக் காக்கும் விதிகள் பலவும் இறப்புகளுக்குப் பிறகு எழுதப்பட்டவை. 1988 இல் ஜேர்மனியின் ராம்ஸ்டைனில் இத்தாலியக் குழுவின் விமானங்கள் மோதி 70 பேர் இறந்தனர். 2002 இல் உக்ரெய்னின் லிவிவ் நகருக்கு அருகில் சு-27 போர் விமானம் ஒன்று கூட்டத்துக்குள் விழுந்து 77 பேர் இறந்தனர். இன்று பல நாடுகளில் வேகமான ஜெட் விமானம் பார்வையாளர் கோட்டிலிருந்து சில நூறு மீற்றர் தள்ளியே பறக்க வேண்டும். அமெரிக்காவில் அது 1,500 அடி. கூட்டத்தை நோக்கிப் பாய்வது போன்ற வித்தைக்கும் இடமில்லை. விமானம் பிழைவிட்டால் அது ஓடி விழ ஓர் ஆளில்லாத நிலம் வேண்டும் என்பதுதான் இதன் பொருள். நுவரெலியாவில் அந்த நிலம் எங்கே? குதிரைப் பந்தயத் திடலையும் கிரகரி வாவியையும் சுற்றி வீடுகளும் விடுதிகளும் மரக்கறித் தோட்டங்களும்தானே இருக்கின்றன?

விமானமே விழாவிட்டாலும் கூட்டம் ஆளைக் கொல்லும். 2024 ஒக்டோபர் 6 அன்று சென்னை மெரீனாவில் இந்திய விமானப்படை நடத்திய காட்சியில் எந்த விமானத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. வெயிலிலும் நெரிசலிலும் பார்வையாளர் ஐந்து பேர் இறந்தனர். அதே ஆண்டு ஏப்ரலில் நம் தியத்தலாவை, ஃபொக்ஸ் ஹில் கார்ப் பந்தயத்தில் கார் ஒன்று ஓடுபாதையை விட்டு விலகிப் பார்வையாளருக்குள் புகுந்து ஏழு பேரைப் பலிகொண்டது. கார் பந்தயத்துக்கே வேலி போதவில்லை. ஏப்ரலில் நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு வாகனம் ஊர்ந்து ஏறும் வேகத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தச் சாலையில் அம்புலன்ஸ் எப்படி இறங்கும் என்பதற்கு யாரிடமும் பதில் இல்லாதவரை, அங்கே எந்தக் காட்சிக்கும் நான் கைதட்ட மாட்டேன்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி: காட்சிகள் நின்றுவிடுமா? இது என் கணிப்புத்தான்: நிற்காது, ஆனால் பொதுமக்களின் கையை விட்டு விலகும். வியாபாரத்துக்கான கண்காட்சிகள் தழைக்கும், குடும்பத்தோடு போய்ப் பார்க்கும் நாட்கள் சுருங்கும். இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமானக் கண்காட்சி அதற்கு உதாரணம். அங்கே வார இறுதியில் பொதுமக்களுக்கென நடந்த பறப்புக் காட்சி 2018 உடன் முடிந்தது, விற்பனைக் கண்காட்சி மட்டும் தொடர்கிறது. காப்புறுதிச் செலவு, பாதுகாப்புத் தூரம், பழைய விமானங்களுக்கு உதிரிப்பாகம் கிடைக்காமை, அவற்றைப் பராமரிக்கத் தெரிந்த கைகள் முதுமையடைதல் ஆகிய நான்கும் ஒரே பக்கம் இழுக்கின்றன. கடைசியாகச் சொன்னதை யாரும் பேசுவதில்லை. பழைய இயந்திரத்தின் ஓசையில் எங்கே பிசகு என்று கேட்டே கண்டுபிடிக்கும் மனிதர் ஓய்வுபெற்றால், அவருடைய காதுக்கு உதிரிப்பாகம் கிடையாது.

நம் நாட்டில் கணக்கு இன்னும் கடினம். விமானப்படை 1951 மார்ச் 2 அன்று தொடங்கப்பட்டது. பெரிய காட்சிகள் அந்த ஆண்டு நிறைவுகளை ஒட்டியே வருகின்றன. 2001 இல் ஐம்பதாம் ஆண்டுக்கு இந்தியாவின் சூரியகிரண் சாகசக் குழு வந்தது. 2021 இல் எழுபதாம் ஆண்டுக்கு அதே குழு ஹோக் பயிற்சி ஜெட் விமானங்களோடு வந்தது, சாரங் குழுவின் ஹெலிகொப்டர்களும் தேஜஸ் போர் விமானமும் கூடவே வந்தன. இடையில் 2011 இல், அறுபதாம் ஆண்டுக்கான ஒத்திகையின்போது நம் கிஃபிர் போர் விமானங்கள் இரண்டு கம்பஹாப் பக்கத்து வானில் மோதி ஒரு விமானி உயிரிழந்தார். 2025 மே 9 அன்று மாதுறு ஓயாவில், படைப்பயிற்சி நிறைவு விழாவில் பங்கேற்ற பெல் 212 ஹெலிகொப்டர் நீர்த்தேக்கத்தில் விழுந்து ஆறு பேர் இறந்தனர். அதே ஆண்டு நவம்பரில் துபாய்க் காட்சியில் தேஜஸ் ஒன்று விழுந்து அதன் விமானி இறந்தார். காலி முகத்திடலுக்கு மேலே பறந்த அதே வகை. காட்சிக்காகப் பறப்பது போருக்குப் பறப்பதைவிட எளிது என்று எண்ணுபவர்கள் இந்த வரிசையைப் பார்க்கட்டும்.

அதற்கு மேல் ஒரு பேரிடர் நம் மலையகத்திலேயே நடந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் மண்சரிந்து பாதைகள் அறுந்து, பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களின் பல ஊர்கள் தனித்துப்போனபோது ஹெலிகொப்டர் ஒன்றுதான் வழி. கொத்மலைக்கு இந்திய விமானப்படையின் மி-17 ஹெலிகொப்டர்கூட வந்து ஆட்களை ஏற்றிச்சென்றது. நவம்பர் 30 அன்று நிவாரணப் பணியிலிருந்த நம் பெல் 212 லுணுவிலவில் விழுந்து விமானி உயிரிழந்தார். ஒவ்வொரு ஹெலிகொப்டருக்கும் அடுத்த பெரும் பராமரிப்புக்கு முன் பறக்கக்கூடிய மணிநேரம் எண்ணி வைக்கப்பட்டிருக்கும். கைவசம் இயங்கும் நிலையில் சிலவே இருக்கும்போது அந்த மணிநேரம் பணத்தைவிட அரிது. அதை வளையம் போட்டுக் காட்டுவதற்குச் செலவழிக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. இந்தியாவே 2011 இல் பயிற்சி விமானங்கள் போதவில்லை என்று சூரியகிரண் குழுவைச் சில ஆண்டுகள் நிறுத்தி வைத்தது.

ஆனால் எதுவுமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் கடிதத்திலேயே ஒன்று கவனித்தேன். தொலைக்காட்சியில் பார்த்த ஹோக் விமானங்களைப் பற்றி ஒரு வரி எழுதினீர்கள். பல்லேகலவில் கூடத்தில் நின்றதைப் பற்றி ஒரு பத்தி எழுதினீர்கள். வான் காட்சிகளுக்குப் போய்வந்த பலரிடமும் இதையே கேட்டிருக்கிறேன். வானத்தில் எழுதிய இதயமும் அம்பும் மங்கிவிடுகின்றன. மண்ணெண்ணெய் வாசனை நிற்கிறது. சக்கரத்தின் அருகே வைத்த தட்டில் சொட்டுச் சொட்டாக விழும் சிவந்த எண்ணெய் நிற்கிறது. வேகமானிக்குக் காற்றெடுக்கும் மெல்லிய குழாயின்மேல் மாட்டிய உறையும், அதிலிருந்து தொங்கும் சிவப்புப் பட்டியும், ‘பறக்குமுன் இதை ஏன் கழற்ற வேண்டும் தெரியுமா?’ என்று பிள்ளையிடம் குனிந்து கேட்ட தொழில்நுட்பவியலாளரும் நிற்கிறார்கள். கழற்ற மறந்தால் வேகமானி பொய் சொல்லும், பொய்யை நம்பினால் விமானம் விழும். அந்தப் பதிலைக் கேட்ட பிள்ளையின் கண் விரிவதை நான் பார்த்திருக்கிறேன். அருகில் நின்று கேட்க முடிந்ததுதான் விமானப் பைத்தியத்தின் விதை.

ஆகவே மலையகத்துக்கு நான் வேண்டுவது ஒரு ஹெலிகொப்டர் நாள். விமானப்படைக்குத் தியத்தலாவையில் பயிற்சி நிலையம் இருக்கிறது. பெப்ரவரி அல்லது மார்ச் மாதக் காலை, ஒரு ஹெலிகொப்டர், இறங்கி நிற்கும் மைதானம், சுற்றிலும் வரிசையாகப் பாடசாலைப் பிள்ளைகள். சாகசம் எதுவும் வேண்டாம். இறங்கட்டும், சுழலி நிற்கட்டும், பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும். மீட்புக் கயிற்றில் ஒருவரை ஏற்றிக் காட்டட்டும். மீட்புக் குழுவுக்கும் அது பயிற்சி மணிநேரமாகவே கணக்கில் சேரும்.

அத்தோடு தோட்டத்து மக்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய சிலவற்றை அங்கேயே சொல்லிக்கொடுக்கலாம். மைதானத்தில் ஹெலிகொப்டர் இறங்குமுன் தகரத் துண்டு, தறப்பாள், பிளாஸ்ற்றிக் கதிரை எதுவும் கிடக்கக்கூடாது. சுழலியின் காற்று அவற்றைத் தூக்கி அதே சுழலிக்குள் எறியும். சரிவான நிலத்தில் இறங்கியிருந்தால் மேட்டுப் பக்கத்திலிருந்து நெருங்கவே கூடாது. அந்தப் பக்கத்தில் தரைக்கும் சுழலிக்கும் இடைவெளி ஓர் ஆள் உயரத்துக்கும் குறைவாக இருக்கலாம். பள்ளத்துப் பக்கமாக, விமானியின் கண்ணில் படும்படி, அவர் சைகை காட்டிய பிறகு, குனிந்து போக வேண்டும். வால் பக்கம் போகவே கூடாது. வேகமாகச் சுழலும் வால் சுழலி கண்ணுக்குத் தெரியாது. குடையை விரித்தபடியோ, மண்வெட்டியையோ கவ்வாத்துக் கத்தியையோ தோளில் வைத்தபடியோ கிட்டப் போகாதீர்கள். மேலிருந்து இறங்கும் கயிற்றின் கொக்கியை முதலில் தரையில் பட விடுங்கள், பிறகு பிடியுங்கள். ஹெலிகொப்டரில் தேங்கிய நிலைமின்சாரம் உங்களை உதறிவிடும். பள்ளத்தாக்கின் குறுக்கே எந்த இடத்தில் மின்கம்பியும், கொழுந்து மூட்டை இறக்கும் பழைய கம்பியும் போகின்றன என்பது ஊர்க்காரருக்குத்தான் தெரியும். அதை மீட்புக் குழுவுக்குச் சொல்ல ஒருவர் முன்கூட்டியே நியமிக்கப்பட்டிருக்க வேண்டும். டித்வா போன்ற இன்னொரு புயல் வந்தால் இவை உயிர் காக்கும். இதைச் செய்ய வைக்கும் அதிகாரம் என் போன்றவருக்கு இல்லை. உங்கள் பாடசாலை அதிபரும் வலயக் கல்வி அலுவலகமும் எழுத்தில் கேட்டால் கதவு திறக்கும் என்பது என் நம்பிக்கை.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை தம்பி. மகளை இரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போங்கள். திறந்திருக்கும் நாளைத் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்துகொண்டு புறப்படுங்கள். அங்கே சிப்மங்க் என்ற பழைய பயிற்சி விமானம் இருக்கிறது. அதன் இறக்கையின் பின்பகுதி உலோகமல்ல, துணி போர்த்தியது. துணியால் பறக்க முடியுமா என்று மகளிடம் கேளுங்கள். ஜெட் புறவோஸ்ற் என்ற பயிற்சி ஜெட்டில் ஆசிரியரும் மாணவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்வார்கள், சிப்மங்கில் முன்னும் பின்னுமாக. ஆசிரியரான உங்களுக்கு எது நல்லது என்று இருவரும் விவாதிக்கலாம். மிக்-17 என்ற பழைய ஜெட் போர் விமானத்தின் இறக்கைமேல் முன்னிருந்து பின்னாக ஓடும் மெல்லிய தகட்டுச் சுவர்கள் ஒவ்வொரு பக்கமும் மூன்று இருக்கும். பின்னோக்கி வளைந்த இறக்கையில் காற்று நுனியை நோக்கி வழுக்கி ஓடாமல் தடுக்க வைத்தவை அவை. மகள் எண்ணட்டும், நீங்கள் காரணத்தைச் சொல்லுங்கள். அவளுக்கு ஆர்வம் ஒட்டிக்கொண்டால், பெங்களூரு யெலஹங்காவில் இரண்டு ஆண்டுக்கொருமுறை நடக்கும் ஏரோ இந்தியாவில் பொதுமக்களுக்கும் நாட்கள் உண்டு, காட்சி பெப்ரவரியில் வருவது வழக்கம். செலவுதான், ஆனால் அவள் பத்து வயதைத் தாண்டிய பிறகு போனால் காதைப் பொத்திக்கொண்டு அழாமல் பார்ப்பாள். காதடைப்பான் இரண்டு சோடி வாங்கிக்கொண்டு போங்கள், உங்களுக்கும் சேர்த்து.